எக்காளக்காரனின் வெள்ளைக் குதிரை

பூமாரியின் வேலை போனதற்குக் காரணம் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கடைசிவரை மறைத்துவைத்துவிட்டு, முடிவில் கண்ணைக் கசக்கிக்கொண்டு சொன்னால் படிக்கிறவர்கள் பாவம் போனால் போகிறதென்று மன்னித்துவிடுவார்கள். அந்த மன்னிப்பு எனக்கு வேண்டாம்.

அவள் ஈயக் குதிரைகளுக்குக் கண் எழுதிக்கொண்டிருந்தவள். தாராவியில் கும்பார்வாடாவை ஒட்டிய சந்தில் பிரம்மநாயகம் பிள்ளைக்கு ஒரு பட்டறை இருந்தது. மாஹிம் மீனவர்களின் வலைகளுக்கு ஈயக் குண்டு வார்த்துக்கொடுத்து வந்த மனுஷர். அறுபத்துமூன்றாம் வருஷம் லண்டன் பொம்மைக் கம்பெனி ஒன்று, நான் வேலை பார்த்த ஏற்றுமதி ஏஜென்சி மூலமாக அவருக்கு அச்சுகளை அனுப்பியது. பழைய இந்தியக் குதிரைப்படை, வெள்ளைக்காரன் காலத்து தர்பார் உடுப்பில். பெட்டிக்கு ஆறு பேர்: ஓர் அதிகாரி, நாலு ஈட்டிக்காரர்கள், எக்காளம் ஊதுகிறவன் ஒருவன். ஆள் சுண்டுவிரல் உயரம் இருப்பான். வலைக்குண்டு வார்த்த அதே அடுப்பில் பிள்ளை குதிரைப்படை வார்க்க ஆரம்பித்தார்.

வர்ணம் அடிக்க எட்டுப் பெண்கள். ஒருத்தி பூட்ஸுக்குக் கறுப்பு, ஒருத்தி அங்கிக்கு நீலம், ஒருத்தி இடுப்புத் துணிக்குச் சிவப்பு என்று கை மாறிக் கை மாறி எல்லாம் கடைசியில் பூமாரியின் பலகைக்கு வந்து சேரும். முகமும் கண்ணும் அவள் பொறுப்பு. நாங்குநேரிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். புருஷன் பூலோகம், தோல் கிடங்கில் மூட்டை தூக்குகிறவன். பட்டறைக்கு அவள் முதலில் வந்தது ஈயத் துண்டு பொறுக்க. ஒருநாள் கண் எழுதுகிறவள் வராமல் போக, நாலே நாலு மயிர் உள்ள பிரஷ்ஷை எடுத்து இவள் எழுதிப் பார்த்தாள். அதற்குப் பிறகு அந்தப் பலகையில் வேறு யாரையும் பிள்ளை உட்காரவைக்கவில்லை.

என்ன கண் தெரியுமா அது? தாதர் ஸ்டேஷன் வாசலில் விக்டோரியா வண்டிக் குதிரைகள் நிற்குமே, அங்கே போய் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க நின்றுவிட்டு வந்திருக்கிறாள். நிற்கிற குதிரையின் கண் வேறு, ஓடப் போகிற குதிரையின் கண் வேறு என்று பிள்ளையிடம் சொன்னாளாம். நம் அச்சில் குதிரைக்கு ஒரு கால் தூக்கியிருக்கிறது, அதனால் அது ஓடப் போகிற குதிரை, மேல் இமை இன்னும் கொஞ்சம் ஏற வேண்டும் என்றாளாம். இப்படிப் பேசுகிறவளைச் சும்மா விடுவதா? எனக்கு அன்றைக்கே அவளைப் பிடித்துவிட்டது.

என்னைப் பற்றியும் சொல்லித் தொலைக்கிறேன். பெயர் பஞ்சாபகேசன். மாதுங்கா. ஃபோர்ட்டில் இங்கிலீஷ் கடிதம் எழுதுகிற குமாஸ்தா. லண்டன்காரர்களுக்கு இந்தப் பொம்மைகளில் ஒன்றே ஒன்றுதான் முக்கியம்: சரித்திரப்படி சரியாக இருக்க வேண்டும். வாங்குகிறவர்கள் குழந்தைகள் இல்லை. ரிட்டயரான கர்னல்கள், வக்கீல்கள், பல் டாக்டர்கள். பொத்தான் பித்தளையா வெள்ளியா என்று பார்ப்பார்கள். ஈட்டிக் கொடியில் சிவப்பு மேலே, வெள்ளை கீழே இருக்க வேண்டும். மாறிப்போனால் பெட்டி திரும்பி வந்துவிடும். கம்பெனிக்கு ஆலோசகராக ஒரு மேஜர் இருந்தார். அவர் ஒரு நிற அட்டவணை அனுப்பியிருந்தார். அதை வைத்து ஒவ்வொரு பெட்டியையும் பூதக்கண்ணாடியில் பார்த்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. ஆபீஸில் வேறு யாருக்கும் அதில் அக்கறை இல்லாததால் என் தலையில் கட்டினார்கள். எனக்கோ அது கிரீடம் வைத்த மாதிரி ஆகிவிட்டது.

சனிக்கிழமை மத்தியானம் ஆபீஸ் விட்டதும் டவுன் ஹால் லைப்ரரிக்குப் போய்ப் பழைய பட்டாளப் புஸ்தகங்களைப் புரட்டுவேன். அங்கேதான் என் கர்வத்துக்குத் தீனி கிடைத்தது. எக்காளக்காரர்கள் சவாரி செய்தது வெள்ளைக் குதிரையில். சண்டையின் நடுவே உத்தரவு ஊதுகிறவன் எங்கே இருக்கிறான் என்று தூரத்திலிருந்து தெரிய வேண்டுமே, அதற்காக. மேஜரின் அட்டவணையிலோ ஆறு குதிரையும் கருஞ்சிவப்பு. விடுவேனா? பக்க எண் போட்டு எழுதினேன். ஐந்து வாரம் கழித்து பதில் வந்தது. மிஸ்டர் பஞ்சாபகேசன் சொல்வது முற்றிலும் சரி, இனி எக்காளக்காரனின் குதிரை வெள்ளையாகவே இருக்கட்டும், நன்றியுடன் இப்படிக்கு என்று. அந்தக் கடிதத்தை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய் என் மனைவி வாலாம்பாளிடம் வாசித்துக் காட்டினேன். குதிரை எந்த நிறமானால் என்ன, ரேஷனில் அரிசி வந்ததா என்று கேட்டாள். இவளுக்கு எங்கே புரியப்போகிறது என்று நினைத்துக்கொண்டேன். அதிகப்பிரசங்கித்தனத்துக்கு அளவே இல்லை.

அறுபத்துநாலில் வெள்ளைக் குதிரையோடு முதல் நானூறு பெட்டி கப்பல் ஏறியது. அடுத்த இருநூறு பட்டறையில் தயாராகி, மரத்தூள் போட்டுக் கட்டக் காத்திருந்தது. அப்போதுதான் அந்தக் கடிதம் வந்தது.

மேஜர் கையாலேயே எழுதியிருந்தார். எக்காளக்காரனின் குதிரைக்கு இடது கன்னத்தில், கடிவாள வாருக்குச் சற்றுக் கீழே, ஒரு கறுப்புப் புள்ளி இருக்கிறது. நானூறு பெட்டியிலும் இருக்கிறது, ஒரே இடத்தில் இருக்கிறது, ஆகவே தற்செயல் அல்ல. பட்டாளத்தின் ஆவணங்களில் தேடிப் பார்த்துவிட்டேன். இதற்கு ஆதாரம் ஒன்றும் கிடைக்கவில்லை. உங்களிடம் ஆதாரம் இருந்தால் தெரிவிக்கவும். இல்லாவிட்டால் விளக்கம் வரும்வரை மேற்கொண்டு சரக்கு அனுப்ப வேண்டாம். இவ்வளவுதான் கடிதம். திட்டவில்லை, கோபிக்கவில்லை, அந்த மரியாதைதான் என்னைப் பயமுறுத்தியது.

அலமாரியிலிருந்த மாதிரிப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். இருந்தது. எள்ளில் பாதி அளவுக்கு, அழகான வட்டமாக. இந்தப் பெட்டியை நானேதான் பூதக்கண்ணாடியில் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருந்தேன். பொத்தானை எண்ணியவன், சேணத்து வாரை எண்ணியவன், கன்னத்தில் பொட்டை எப்படி விட்டேன்? விடவில்லை. பார்த்தேன். என் பேத்தி ஷ்யாமளா தொட்டிலில் கிடக்கிறாள், அவள் கன்னத்திலும் தினம் மையால் ஒரு பொட்டு இருக்கிறது, நான் என்றைக்காவது அது ஏன் என்று கேட்டேனா? அழகாக ஒன்று இருந்தால் கன்னத்தில் பொட்டும் இருக்கும் என்றே வளர்ந்த கண் இது. வேறு எந்த ஊர்க்காரனை உட்கார்த்தியிருந்தாலும் முதல் பெட்டியிலேயே பிடித்திருப்பான்.

சயான் ஸ்டேஷனில் இறங்கி பட்டறைக்கு நடந்தேன். பிள்ளையிடம் கடிதத்தைத் தமிழில் சொன்னேன். ஆர்டர் நின்றால் அவர் மறுபடி வலைக்குண்டுக்குப் போய்விடலாம். அந்த எட்டுப் பெண்கள் எங்கே போவார்கள்? யார் வைத்தது என்று அவர் கேட்டு முடிக்கும் முன்னால் பூமாரி பலகையிலிருந்து எழுந்து நின்றாள்.

"நாந்தான் வச்சேன் அண்ணாச்சி. திருஷ்டிப் பொட்டு" என்றாள்.

அதில் ஒளிப்பதற்கு ஏதும் இருப்பதாக அவளுக்குத் தோன்றவே இல்லை. முதல் பெட்டியிலிருந்தே வைத்துவருகிறாளாம். ஆறு குதிரையும் முடிந்ததும் வரிசையில் கடைசியாக முடிகிற குதிரைக்கு ஒரு பொட்டு, அது பெட்டி முழுவதுக்கும் காவல். கடைசியில் முடிவது எக்காளக்காரன் குதிரை. கருஞ்சிவப்பில் வைத்தபோது அது லண்டனை உறுத்தவில்லை, என்னையும் உறுத்தவில்லை. சரித்திரம் படித்துக் குதிரையை வெள்ளையாக்கிய மேதாவி நான் அல்லவா? பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. அதுவும் நானே மண் குழைத்துப் பிடித்த குரங்கு.

பிள்ளை கெட்ட மனுஷர் இல்லை. ஆனால் அன்று பயந்துபோயிருந்தார். பயந்த முதலாளியைப் போலக் கொடுமையான ஆள் உலகத்தில் கிடையாது. இனி ஒரு குதிரையிலாவது பொட்டைப் பார்த்தால் அன்றே நடையைக் கட்ட வேண்டியதுதான் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கு அந்த வேலை போகக்கூடாது. பட்டறை அவள் குடிசையிலிருந்து மூன்றாவது சந்து. மத்தியானம் பத்து நிமிஷம் ஓடிப் போய் மகளுக்குச் சோறு போட்டுவிட்டு வரலாம். வேறு வேலை என்றால் செம்பூரிலும் கோவண்டியிலும் கட்டடம் கட்டுகிற இடத்தில் செங்கல் சுமப்பதுதான். விடிந்து போனால் பொழுது சாயத்தான் வர முடியும். மகளை அப்படி விட்டுவிட்டுப் போக முடியாது என்று மற்றப் பெண்கள் என்னிடம் சொன்னார்கள். ஏன் முடியாது என்று அப்போது எனக்குத் தெரியாது.

எனக்கு ஒரு யோசனை வந்தது. கெட்டிக்கார யோசனை என்றுதான் நினைத்தேன். குதிரை நிற்கிற தட்டைத் திருப்பி அடியில் வைத்துவிடேன், மேஜரும் பார்க்கமாட்டார், உனக்கும் வைத்த மாதிரி ஆச்சு என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபமில்லை. இவ்வளவு படித்தவருக்கு இது தெரியவில்லையே என்ற இரக்கம்தான் இருந்தது.

"கண்ணுக்குத் தெரியாத பொட்டு என்னத்துக்கு சாமி? பாக்கவன் கண்ணு மொதல்ல அதுலல்லா விழணும். அப்பந்தான் மத்தது தப்பிக்கும்."

கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்று என் வீட்டிலும் தினம் காதில் விழுவதுதான். அந்தப் பொட்டின் வேலையே கண்ணில் படுவது. கண்ணில் பட்டால் மேஜருக்கு ஆகாது, படாவிட்டால் பூமாரிக்கு ஆகாது. நடுவில் ஒரு மயிரிழை வழி கூட இல்லை.

ஆதாரம் தேடினேன். மூன்று சனிக்கிழமை லைப்ரரியில் பழியாய்க் கிடந்தேன். எங்காவது ஒரு பட்டாளம், ஏதாவது ஒரு ராஜா, குதிரையின் கன்னத்தில் மையிட்டான் என்று ஒரே ஒரு வரி கிடைத்தால் போதும். குளம்பில் எண் பொறித்தார்கள், தொடையில் சூடு வைத்தார்கள். கன்னத்தில் பொட்டு வைத்தவன் எவனும் இல்லை. வைத்தே இருக்கமாட்டார்களா? லாயத்தில் புல்லுப் போட்டவன் பெண்டாட்டி ஒருத்தியாவது வைத்திருப்பாள். ஆனால் அவளைப் பற்றி எவன் புஸ்தகம் எழுதினான்? எனக்கு அன்று அந்தப் புஸ்தகங்களை எல்லாம் தூக்கிக் கடலில் எறிய வேண்டும் போல் இருந்தது.

கடைசியில் உள்ளதை உள்ளபடி எழுதினேன். எங்கள் பெண்கள் அழகான பொருளைக் குறையில்லாமல் விடமாட்டார்கள், பார்க்கிறவர் கண் படாமலிருக்க ஒரு கறுப்புப் புள்ளி வைப்பார்கள், பொம்மை மேல் உள்ள பிரியத்தால் நேர்ந்த தவறு இது, இனி நேராது என்று. மேனேஜர் படித்துவிட்டு சிவப்புப் பென்சிலால் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். நம்மைக் காட்டுமிராண்டிகள் என்று நினைப்பான், ஆர்டரை ஜப்பான்காரனுக்குக் கொடுத்துவிடுவான், வழக்கமான மாதிரி எழுதுங்கள் என்றார்.

வழக்கமான மாதிரி என்றால் எல்லா ஆபீஸ் குமாஸ்தாவுக்கும் தெரியும். தவறுக்கு வருந்துகிறோம். விசாரணை செய்தோம். பொறுப்பான தொழிலாளி வேலையிலிருந்து நீக்கப்பட்டார். இனி இப்படி நேராது என உறுதி கூறுகிறோம். சாயம் போன துணிக்கும், உடைந்துபோன ஊறுகாய் ஜாடிக்கும் பதினெட்டு வருஷமாக இதே நாலு வரியைத்தான் எழுதியிருக்கிறேன். அந்த மூன்றாவது வரியால் அதுவரை ஒருவன் வேலையும் போனதில்லை. கடிதத்தின் கீழே போடுகிற 'தங்கள் கீழ்ப்படிதலுள்ள' மாதிரி அதுவும் ஒரு சடங்கு. நானே தட்டச்சு செய்து, நானே முதலெழுத்துப் போட்டு, தபாலில் சேர்த்தேன். ஒரு நிமிஷம் கூட யோசிக்கவில்லை.

அந்த இருநூறு பெட்டியில் பொட்டை அழிக்க வேண்டியிருந்தது. டர்பன்டைன் தொட்டுத் துடைத்தால் பொட்டோடு வெள்ளையும் சேர்ந்து வரும், அந்த இடத்துக்கு மறுபடி வெள்ளை வைக்க வேண்டும். நுணுக்கமான வேலை, அவள் கைக்கு மட்டும்தான் வரும். வைத்தவளையே அழிக்கச் சொன்னார் பிள்ளை. இரண்டு நாள் நான் அங்கே இருந்தேன், ஒவ்வொன்றாகப் பார்த்துக் கையெழுத்துப் போட. அவள் துடைத்துக்கொண்டே இருந்தாள். சில குதிரைகளைத் துடைத்த பிறகு கீழே வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருப்பாள். பக்கத்துப் பலகைக்காரி மெதுவாக அவள் முழங்கையைத் தொட்டதும் வைப்பாள்.

இரண்டாம் நாள் சாயங்காலம், நான் கேட்காமலே சொன்னாள். ஆறு வருஷத்துக்கு முன்னால், மகள் சொர்ணத்துக்கு மூன்று வயசு. சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள். சிவப்புப் பாவாடை, தலை நிறையப் பூ. மண்டபத்தில் குழந்தையைத் தூக்காத கை இல்லையாம். ரயிலைப் பிடிக்கிற அவசரத்தில் அன்றைக்குப் பொட்டு வைக்க மறந்துவிட்டாள். அந்த வாரமே பெரியம்மை போட்டது. உயிர் தப்பியது. முகம் முழுக்கத் தழும்பு, இடது கண் வெள்ளை பாரித்துப் போயிற்று. சந்துப் பிள்ளைகள் கேலி செய்கிறார்கள் என்று பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்கிறாள். குடிசைக்குள்ளேயே இருக்கிறாள்.

"அம்மை ஊர் முழுக்கப் போட்டுச்சு, எனக்குத் தெரியாதா சாமி. பொட்டு வச்ச புள்ளைக்கும் போட்டுச்சு. ஆனா கை கேக்க மாட்டேங்கு. ரெண்டு கண்ணும் எழுதி முடிச்சிட்டா, கை தானா மையைத் தேடுது. நான் என்ன செய்ய?"

இரண்டு கண்ணும் எழுதி முடித்தால். அதை அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். நான் பூதக்கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் வெளியே போய் நின்றேன். என்ன செய்திருக்க முடியும் என்னால்? பொட்டை வை, மேஜர் நாசமாய்ப் போகட்டும் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நன்றாகத் துடைத்திருக்கிறாய் என்று சொன்னேன்.

அவளும் கையை அடக்கப் பழகிக்கொண்டாள். கண் எழுதி முடித்ததும் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பாள், பிறகு அடுத்த குதிரையை எடுப்பாள். இருநூறு பெட்டியும் கப்பல் ஏறியது. லண்டனிலிருந்து திருப்தி என்று பதில் வந்தது, மேற்கொண்டு அறுநூறு பெட்டிக்கு ஆர்டரும் வந்தது. பிள்ளை எல்லாப் பெண்களுக்கும் ஜிலேபி வாங்கிக் கொடுத்தார். பூமாரி தன்னுடையதை மகளுக்கு என்று மடித்து எடுத்துக்கொண்டு போனாள். தப்பித்தோம் என்று நான் நினைத்தேன்.

கடிதத்தின் கடைசியில் ஒரு வரி இருந்தது. எங்கள் பம்பாய்ப் பிரதிநிதி இனி மாதம் ஒருமுறை பட்டறைக்கு வந்து பார்ப்பார் என்று. வரட்டுமே, பொட்டுதான் இல்லையே என்று விட்டுவிட்டேன்.

அவர் வந்தது அறுபத்தைந்து பிப்ரவரியில். பார்சிக்காரர், வயசானவர், மிகவும் நல்ல மனுஷர். சந்துச் சேற்றில் அவருடைய வெள்ளைக் காலுறை நனைந்ததற்குக் கூட முகம் சுளிக்கவில்லை. பூமாரியின் பின்னால் போய் நின்று அவள் கண் எழுதுவதை வெகுநேரம் பார்த்தார். இந்தப் புதுப் பெண்ணின் கை அபாரம் என்று என்னிடம் இங்கிலீஷில் சொன்னார். புதுப் பெண்ணா என்று ஒரு கணம் எனக்கு விளங்கவில்லை. பிறகு அவர் கையில் இருந்த காகிதத்தைப் பார்த்தேன். நான் தட்டச்சு செய்த கடிதத்தின் நகல். என் முதலெழுத்து கீழே இருந்தது.

அவர் பிள்ளையைப் பார்த்து ஹிந்தியில் கேட்டார். அந்தப் புள்ளி வைத்த பொம்பளை போய்விட்டாளா என்று.

பிள்ளை என்னைப் பார்த்தார். நான் பிள்ளையைப் பார்த்தேன். எங்கள் இருவருக்கும் நடுவில் பூமாரி ஒரு குதிரையின் இரண்டாவது கண்ணை எழுதிக்கொண்டிருந்தாள்.

"நிகால் தியா, சாப்" என்றார் பிள்ளை. நீக்கிவிட்டோம்.

தாராவியில் இருக்கிற தமிழ்ப் பொம்பளைக்கு அந்த இரண்டு வார்த்தை தெரியாமல் இருக்குமா? கடைக்காரனும் போலீஸ்காரனும் குழாயடியும் சொல்லிக் கொடுக்கிற முதல் ஹிந்தியே அதுதான். பிரஷ் நின்றது. பிறகு மறுபடி நகர்ந்தது. அந்தக் கண்ணை எழுதி முடித்தாள். பிரஷ்ஷை டர்பன்டைன் டப்பாவில் அலசித் துணியில் துடைத்து வைத்தாள். சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு, பார்சிக்காரருக்கு வழிவிட்டு ஒதுங்கி வெளியே போனாள். மற்ற ஏழு பெண்களும் தலையை நிமிர்த்தவில்லை. அவள் எங்கே போகிறாள் என்று அவர் கேட்டார். சாப்பிடப் போகிறாள் என்றேன். என் வாயால் சொன்னேன்.

அவள் திரும்பி வரவில்லை. கூப்பிட்டு வரச் சொல்லிப் பிள்ளையிடம் சண்டை பிடித்தேன். அவருக்கும் வருத்தம்தான். ஆனால் மாதாமாதம் அந்த மனுஷர் வருவார், என்றைக்காவது பெயரைக் கேட்டால், பேச்சுவாக்கில் யாராவது உளறிவிட்டால், நீக்கியதாக எழுதியது பொய் என்று ஆகிவிடும், மிச்சம் ஏழு பேருக்கும் சேர்த்துப் போய்விடும் என்றார்.

"நீங்க எழுதிட்டியள் ஐயர்வாள், நான் சொல்லிட்டேன். இனி அதை எங்க போய் அழிக்க?" என்றார்.

மேனேஜரிடம் போனேன். நீக்கவில்லை, எழுதியது வழக்கமான வரி என்று லண்டனுக்கு விளக்கிவிடலாம் என்றேன். அவர் நான் நகைச்சுவை பேசுவதாக நினைத்துச் சிரித்தார். ராஜினாமா செய்துவிடலாமா என்று கூட யோசித்தேன். மாதுங்காவில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு இப்படி யோசிப்பவர்கள் நிறையப் பேர் உண்டு. யோசனையோடு நிறுத்திக்கொள்வார்கள், நானும் நிறுத்திக்கொண்டேன்.

பூமாரியின் வீட்டுக்குப் போக எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமை காலை. குடிசை வாசலில் உட்கார்ந்து மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் அந்தப் பெண் எழுந்து உள்ளே போய், முகம் தெரியாதபடி சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். கோவண்டியில் செங்கல் சுமக்கப் போவதாகப் பூமாரி சொன்னாள். காலை ஐந்தரைக்குக் கிளம்புகிறாள். மகளுக்குச் சோறு வடித்து மூடி வைத்துவிட்டு, வெளியே பூட்டிக்கொண்டு போகிறாள். விரல்களில் சுண்ணாம்பு அரித்து நுனியெல்லாம் வெடித்திருந்தது. நாலு மயிர் பிரஷ்ஷைப் பிடித்த விரல்.

நான் எழுதியதுதான் காரணம் என்று ஒப்புக்கொண்டேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எழுதியாச்சு, அண்ணாச்சியும் தொரைட்ட சொல்லியாச்சு. பொறவு நான் அங்ஙன இருந்தா அந்த ஏழு பேருக்குல்லா கேடு" என்றாள். அவ்வளவுதான். அதை முடித்துவிட்டு வேறு ஒன்று கேட்டாள். கேட்பதற்காகவே நான் வருவேன் என்று காத்திருந்த மாதிரி இருந்தது.

அந்த இருநூறு பெட்டியும் போய்ச் சேர்ந்துவிட்டதா? சேர்ந்தாச்சு என்றேன். அந்த ஊர்ப் பிள்ளைகள் கையில் இதற்குள் கிடைத்திருக்குமா என்று கேட்டாள். எந்த வீட்டுப் பிள்ளை எதை வைத்து விளையாடுகிறதோ, பொட்டில்லாமல் அனுப்பிவிட்டேனே, அந்தப் பிள்ளைகளுக்கும் குதிரைகளுக்கும் ஒன்றும் ஆகக்கூடாது என்று தினமும் வேண்டிக்கொள்வதாகச் சொன்னாள். பொம்மை என்றால் பிள்ளைகளுக்கு என்றே இத்தனை நாளும் நினைத்திருக்கிறாள். யாரும் அவளிடம் சொல்லவில்லை. நானும்தான் சொல்லவில்லை.

அவளுக்குக் கொடுக்க என்னிடம் ஒரு நல்ல வார்த்தையாவது இருக்கிறதே என்று எனக்குச் சந்தோஷம் வந்துவிட்டது. அவசரமாகச் சொன்னேன்.

"குழந்தைகள் கைக்கே போகாது பூமாரி. நீ கவலைப்படாதே. பெரியவா வாங்கறது அது. கண்ணாடி அலமாரியில அடுக்கி, விளக்குப் போட்டு வச்சிருப்பா. தொடக்கூட மாட்டா. பார்த்துண்டே இருப்பா, அவ்வளவுதான்."

சீப்பில் சிக்கிய முடியை எடுத்துக்கொண்டிருந்த அவள் கை நின்றது.

"பாத்துக்கிட்டேவா இருப்பாவ?" என்றாள்.